நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் பல்வகைப் போக்குவரத்துத் திட்டமிடல்

பல்வகைப் போக்குவரத்துத் திட்டமிடல் என்பது ஓரிடத்தைக் கடந்து செல்லும் எல்லா வகைப் பயணங்களையும் ஒரே கணக்கில் வைத்துச் சாலையையும் நிறுத்தங்களையும் வடிவமைக்கும் முறையாகும். நடந்து செல்வோர், மிதிவண்டி, இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், பேருந்து, சரக்குந்து, மின்தொடர்வண்டி, மெட்ரோ ஆகிய அனைத்தும் இக்கணக்கில் அடங்கும். நகரை ஒட்டிய நெடுஞ்சாலைச் சந்திப்புகளுக்கு இம்முறை மிகவும் தேவைப்படுகிறது. அங்கு வண்டிகள் மட்டும் சந்திப்பதில்லை. ஒரு பயணத்திலிருந்து இன்னொரு பயணத்துக்கு மாறும் மக்களும் அங்கேதான் சந்திக்கிறார்கள்.

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலைகளின் நோக்கம் வண்டிகளை நகர்த்துவது அன்று, மக்களை நகர்த்துவதே என்ற கருத்தை முன்வைத்தது. இக்கருத்தை ஒரு சந்திப்பில் எவ்வாறு செயல்படுத்துவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகளாகச் சென்னையின் கத்திபாரா சந்திப்பும் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

புறநகர்ச் சந்திப்பில் நெரிசல் ஏற்படும் காரணங்கள்

நெடுஞ்சாலை என்பது தொலைதூரப் பயணத்துக்காக அமைக்கப்படுவது. வண்டிகள் தடையின்றி விரைவாகச் செல்ல வேண்டும் என்பதே அதன் இலக்கணம். நகரம் வளர்ந்து நெடுஞ்சாலையைச் சூழ்ந்துகொள்ளும்போது அதே சாலை உள்ளூர்த் தெருவின் வேலையையும் செய்ய வேண்டியதாகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், கடைக்குச் செல்வோர், பேருந்துக்குக் காத்திருப்போர், ஷேர் ஆட்டோவில் ஏறுவோர் எல்லாரும் அதில் வந்து சேர்கிறார்கள். வேகமாகச் செல்ல விரும்பும் சரக்குந்தும் மெதுவாகக் கடக்க விரும்பும் முதியவரும் ஒரே இடத்தைக் கேட்கிறார்கள்.

சென்னையின் தெற்குப் புறநகர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜி.எஸ்.டி. சாலையும் புறநகர் இருப்புப்பாதையும் ஏறத்தாழ இணையாகவே தாம்பரத்தையும் தாண்டிச் செல்கின்றன. கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான இருப்புப்பாதை 1931-ஆம் ஆண்டிலேயே மின்மயமாக்கப்பட்டது. நிலையங்களைச் சுற்றிப் பாதையின் இருபுறமும் குடியிருப்புகள் வளர்ந்தன. ஆகவே ஒரு பக்கத்தில் வாழும் மக்கள் தொடர்வண்டியைப் பிடிக்கவோ பேருந்தைப் பிடிக்கவோ நாள்தோறும் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியுள்ளது. நெரிசல் என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, இந்தக் குறுக்குப் பயணத்துக்கு முறையான இடம் ஒதுக்கப்படாததால் உண்டாவதே.

சந்திப்புக்குச் சற்று முன்பாக நிற்கும் பேருந்து, அதன் பின்னால் ஆளேற்றும் ஷேர் ஆட்டோ, நடைபாதை மறைந்துபோனதால் சாலையில் இறங்கி நடப்போர், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி ஆகியவை சேர்ந்து ஒரு தடத்தை முழுவதுமாக அடைத்துவிடுவதைப் பல சந்திப்புகளில் காணலாம். சாலை அகலம் போதவில்லை என்று முடிவு செய்வதற்கு முன், இருக்கும் அகலம் எதனால் வீணாகிறது என்று பார்ப்பது திட்டமிடலின் முதல் பாடம்.

வண்டிக் கணக்கும் ஆள் கணக்கும்

சாலையில் செல்லும் வண்டிகள் ஒரே அளவில் இல்லை. அவற்றை ஒப்பிடப் பொறியாளர்கள் 'பயணிகள் கார் அலகு' என்ற அளவைப் பயன்படுத்துகின்றனர். ஒரு கார் எடுத்துக்கொள்ளும் சாலை இடத்தை 1 என்று வைத்துக்கொண்டு மற்ற வண்டிகளை அதன் மடங்காகக் குறிப்பது இம்முறை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட நகர்ப்புறச் சாலைகளுக்கான வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு வகை வண்டி மொத்தப் போக்குவரத்தில் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் இருசக்கர வண்டிக்கு 0.75, ஆட்டோவுக்கு 2.0, பேருந்துக்கும் சரக்குந்துக்கும் 3.7 என்ற மதிப்புகள் பொருந்தும். அந்த வகை குறைவாக இருந்தால் மதிப்பும் குறையும்.

இவ்வளவு சாலையின் கொள்ளளவைக் கணக்கிட உதவும். ஆனால் இதை மட்டும் வைத்துத் திட்டமிட்டால் பேருந்து ஒரு பெரிய இடையூறாகத் தோன்றும். ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஒரு சந்திப்பின் ஒரு கையில் ஒரு மணி நேரத்தில் பின்வரும் வண்டிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே. கணக்கு எளிதாக இருக்க, மேற்கண்ட உயர் மதிப்புகளே எல்லாவற்றுக்கும் கொள்ளப்படுகின்றன.

- பேருந்து 40. ஒன்றில் 60 பேர். சாலை இடம் 148 அலகு. மக்கள் 2,400 பேர்.
- கார் 600. ஒன்றில் 2 பேர். சாலை இடம் 600 அலகு. மக்கள் 1,200 பேர்.
- இருசக்கர வண்டி 1,800; சராசரியாக ஒன்றில் 1.5 பேர். சாலை இடம் 1,350 அலகு. மக்கள் 2,700 பேர்.
- நடந்து கடப்போர் 1,500 பேர். அலகுக் கணக்கில் சுழியம்.

மொத்தச் சாலை இடம் 2,098 அலகு. இதில் பேருந்துகள் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே. வண்டிகளில் செல்லும் 6,300 பேரில் 38 விழுக்காட்டினர் அந்தப் பேருந்துகளில்தான் இருக்கிறார்கள். ஓர் அலகு இடத்தில் கார் 2 பேரைக் கொண்டுசெல்கிறது. பேருந்து 16 பேரைக் கொண்டுசெல்கிறது.

கடைசி வரியில் உள்ள 1,500 பேரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர்கள் அலகுப் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. கணக்கெடுப்பில் இல்லாதவர்களுக்கு வரைபடத்திலும் இடம் கிடைப்பதில்லை. நடைபாதை அரை மீட்டராகக் குறுகுவதும், கடக்கும் வசதி அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளப்படுவதும் இந்த விடுபாட்டின் விளைவுகளே. ஆகவே பல்வகைத் திட்டமிடலில் வண்டி எண்ணிக்கையோடு ஆள் எண்ணிக்கையும் கட்டாயம் எடுக்கப்படுகிறது.

சிக்னல் நேரத்தின் கணிதம்

சிக்னல் சந்திப்பு ஒன்று எப்போது திணறும் என்பதை விளக்கும் புகழ்பெற்ற வாய்பாட்டை இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958-இல் வெளியிட்டார். ஒரு சிக்னல் சுற்று எத்தனை விநாடி நீடித்தால் காத்திருப்பு மிகக் குறைவாக இருக்கும் என்பதை இது தருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பச்சை மாறும்போது வீணாகும் மொத்த நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5-ஐக் கூட்ட வேண்டும். பின்னர் அதை, 1-இலிருந்து சாலைப் பயன்பாட்டு விகிதத்தைக் கழித்தால் வரும் எண்ணால் வகுக்க வேண்டும். சாலைப் பயன்பாட்டு விகிதம் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் வரும் வண்டிகளை அந்தக் கை கடத்தக்கூடிய உச்ச அளவோடு ஒப்பிட்டுக் கூட்டிய எண்.

நான்கு கட்டங்கள் கொண்ட சிக்னலில் ஒரு கட்டத்துக்கு 4 விநாடி வீதம் 16 விநாடி வீணாகிறது என்று கொள்வோம். மேல் எண் 29 ஆகும். பயன்பாட்டு விகிதம் 0.7 என்றால் சுற்று நேரம் ஏறத்தாழ 97 விநாடி. 0.8 என்றால் 145 விநாடி. 0.9 என்றால் 290 விநாடி, அதாவது ஏறக்குறைய ஐந்து நிமிடம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, நெரிசல் சிறிது சிறிதாக வளர்வதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு திடீரென்று பெருகுகிறது. வண்டிகளில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் காத்திருப்பு வெகுவாகக் குறையும் என்பது இதன் மறுபக்கம். பேருந்துப் பயணத்தை எளிதாக்கி ஒரு பகுதியினரை அதற்கு மாற்றுவது பெரும் கட்டுமானத்துக்கு ஈடான பயனைத் தருவது இதனால்தான். இரண்டாவது, சுற்று நீள நீளக் கால்நடையாகக் கடப்பவரின் காத்திருப்பும் நீள்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் பலர் சிவப்பிலேயே கடக்கத் துணிவார்கள். அதை ஒழுங்கீனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தத் துணிச்சலுக்குச் சிக்னலின் நேர அமைப்பும் ஒரு காரணம்.

நடப்போரின் நேரமும் உயிரும்

நடப்பவரின் வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று கொள்வது திட்டமிடலில் வழக்கம். 24 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க இவ்வேகத்தில் 20 விநாடி ஆகும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 30 விநாடி ஆகும். நடுவில் நின்று செல்லக்கூடிய அகலத்தில் ஒரு நடுத்திட்டு அமைத்தால், அதே முதியவர் 12 மீட்டர் வீதம் இரண்டு தவணையாக, ஒவ்வொன்றும் 15 விநாடியில் கடக்கலாம். செலவு குறைவு, பயன் அதிகம்.

'ஃப்ரீ லெஃப்ட்' என்று ஓட்டுநர்கள் சொல்லும் நிற்காத இடப்பக்கத் திருப்பம் இன்னொரு சிக்கல். வண்டிகளுக்கு அது வசதி. நடப்பவருக்கோ எந்த நேரத்திலும் பச்சை கிடைக்காத ஒரு சாலையாக அது மாறிவிடுகிறது. திருப்பத்தின் வளைவைச் சற்று இறுக்கமாக அமைத்து, கடக்கும் பாதையைச் சாலை மட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டினால் வண்டிகள் தாமாகவே வேகம் குறைக்கும்.

இந்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இறந்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 64 பேர் இந்த இரு வகையினரே. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 36 விழுக்காட்டு உயிரிழப்புகள் நிகழ்ந்தன. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்தின் வாய்ப்பு 4 விழுக்காடு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சந்திப்பில் நெரிசலை நீக்கி வேகத்தைக் கூட்டும் எந்தத் திட்டமும், கடப்பவர்களுக்கு வழி செய்யாவிட்டால், காத்திருப்பு நேரத்தை உயிரிழப்பாக மாற்றும் அபாயம் உடையது.

மேம்பாலம் தீர்ப்பதும் தீர்க்காததும்

குறுக்கிடும் இரு சாலைகளை வேறு வேறு மட்டத்தில் பிரிப்பது மேம்பாலத்தின் பணி. நேராகச் செல்லும் வண்டிகளுக்கு இது பெரும் விடுதலை. நான்கு இதழ் கொண்ட இலை போன்ற வடிவில் எல்லாத் திருப்பங்களையும் சிக்னல் இன்றி முடிக்கும் மேம்பாலத்துக்குக் குளோவர் இலை மேம்பாலம் என்று பெயர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உட்பிரிட்ஜ் என்னுமிடத்தில் 1929-இல் இவ்வகைச் சந்திப்பு திறக்கப்பட்டது. வளையத்திலிருந்து ஏறும் வண்டிகளும் அடுத்த வளையத்தில் இறங்கும் வண்டிகளும் ஒரு குறுகிய தொலைவுக்குள் ஒன்றையொன்று குறுக்கிட வேண்டியிருப்பது இவ்வடிவின் குறை. போக்குவரத்து பெருகும்போது நெரிசல் அந்தக் குறுகிய பகுதிக்கு இடம்பெயர்கிறது.

வேறு மூன்று வரம்புகளும் உண்டு. ஒன்று, மேம்பாலம் ஒரு சந்திப்பைத் திறந்துவிட்டால் வண்டிகள் அடுத்த சந்திப்பில் குவியும். இரண்டு, பயணம் எளிதானதும் முன்பு வேறு நேரத்தில், வேறு வழியில், வேறு வண்டியில் சென்றவர்கள் இந்த வழிக்கு வந்துவிடுவார்கள். உச்ச நேர நெரிசல் புதிய சாலையை மீண்டும் நிரப்பிவிடும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962-இலேயே எடுத்துக்காட்டினார். மூன்று, பேருந்து மேம்பாலத்தில் ஏறிவிட்டால் சந்திப்பில் நிற்க முடியாது. பயணிகள் மேம்பாலம் தொடங்குவதற்கு முன்போ முடிந்த பிறகோ இறங்கி, சாய்தளத்தின் ஓரமாக நடந்து சந்திப்புக்குத் திரும்ப வேண்டும். பேருந்தில் வந்தவருக்கு மேம்பாலம் பயணத்தைச் சில நிமிடம் குறைத்து, நடையைப் பத்து நிமிடம் கூட்டிவிடக்கூடும்.

இவற்றால் மேம்பாலம் கூடாது என்று ஆகிவிடாது. நேராகச் செல்லும் போக்குவரத்து மிகுந்த இடத்தில் அது தேவையே. அதன் கீழே உள்ள நிலத்தையும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் அது முழுமை பெறும்.

கத்திபாரா: தாமதமாக வந்த இரண்டாம் பாதி

சென்னை கிண்டிக்கு அருகிலுள்ள கத்திபாரா சந்திப்பில் அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, உள்வட்டச் சாலை, மவுண்ட்-பூந்தமல்லி சாலை ஆகியவை சேர்கின்றன. நகர மையத்திலிருந்து விமான நிலையத்துக்கும் தென் மாவட்டங்களுக்கும் செல்வோரும், வடபழனி, கோயம்பேடு பக்கமிருந்து வருவோரும், போரூர்ப் பகுதியினரும் இங்கே கடக்கிறார்கள். முன்பு ரவுண்டானாவாக இருந்த இவ்விடத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கட்டிய குளோவர் இலை மேம்பாலம் 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது.

வண்டிகளின் நோக்கில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் கத்திபாரா பேருந்து மாறும் இடமாகவும் இருந்தது. பேருந்துகள் மேம்பாலத்தின் வெவ்வேறு கைகளில் நின்றதால், ஒரு திசைப் பேருந்திலிருந்து இன்னொரு திசைப் பேருந்துக்கு மாறுவோர் வளையங்களையும் சாலைகளையும் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. புறநகர் மின்தொடர்வண்டியும் இந்தச் சந்திப்பில் நிற்பதில்லை. அதன் நிலையங்கள் ஒரு பக்கம் கிண்டியிலும் மறுபக்கம் பரங்கிமலையிலும் உள்ளன.

அடுத்து மெட்ரோ வந்தது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை முதல் சேவை தொடங்கியது. 2016-இல் சின்னமலை முதல் விமான நிலையம் வரையிலான பகுதியும், ஆலந்தூர் முதல் பரங்கிமலை வரையிலான பகுதியும் திறக்கப்பட்டன. கத்திபாராவை ஒட்டிய ஆலந்தூர் நிலையம் நீலத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கும் நிலையமானது. அங்கு இரு தடங்களின் நடைமேடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஒரு மெட்ரோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர் படியேறினால் போதும். கிண்டியிலும் பரங்கிமலையிலும் மெட்ரோவும் மின்தொடர்வண்டியும் அருகருகே வந்தன.

பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் இடையிலான இணைப்பு கடைசியாகவே அமைந்தது. மேம்பாலத்தின் வளையங்களுக்குள் பயன்படாமல் கிடந்த நிலத்தில் சென்னை மெட்ரோ இரயில் நிறுவனம் 'கத்திபாரா நகர்ப்புறச் சதுக்கம்' ஒன்றை அமைத்தது. பேருந்து நிறுத்தங்கள், வண்டி நிறுத்துமிடம், கடைகள், நடைபாதைகள் கொண்ட இச்சதுக்கம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. மேம்பாலத்துக்கும் இதற்கும் இடையே 13 ஆண்டுகள்.

இந்த இடைவெளிதான் கத்திபாரா தரும் பாடம். சதுக்கத்துக்கான நிலம் 2008-இலும் அங்கேயே இருந்தது. வண்டிகள் எப்படித் திரும்பும் என்ற கேள்விக்கு விடை கண்ட அதே வரைபடத்தில், இறங்கியவர் எங்கே நடப்பார் என்ற கேள்வியும் இடம்பெற்றிருந்தால் பயணிகளின் அலைச்சல் முன்னதாகவே குறைந்திருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்-சோழிங்கநல்லூர்த் தடமும் ஆலந்தூர் வழியாகவே திட்டமிடப்பட்டுள்ளது. ஆகவே இவ்விடத்தில் மாறுவோர் எண்ணிக்கை இன்னும் உயரும்.

கிளாம்பாக்கம்: வரிசை தவறினால்

கோயம்பேடு பேருந்து நிலையத்தின் நெரிசலைக் குறைக்க, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கட்டப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் நகருக்குள் நுழையாமல் இங்கிருந்தே புறப்படுவது சாலை நெரிசலைக் குறைக்கும் என்பது நோக்கம். அந்த நோக்கம் சரியானதே.

திறக்கப்பட்டபோது முனையத்தின் எதிரே மின்தொடர்வண்டி நிலையம் இல்லை. வண்டலூர், ஊரப்பாக்கம் நிலையங்களே அருகில் இருந்தவை. இருப்புப்பாதை சாலையின் மறுபுறம் கண்ணுக்கெட்டும் தொலைவில் சென்றும், பெட்டி படுக்கையோடு வந்த பயணி மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ நாட வேண்டியிருந்தது. நிலையமும் அதை முனையத்தோடு இணைக்கும் ஆகாய நடைபாதையும் தனித் திட்டங்களாகப் பின்தொடர்ந்தன. ஒரு வகைப் போக்குவரத்தை இடம் மாற்றும்போது அதைத் தாங்கும் மற்ற வகைகளும் அதே நாளில் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. பல்வகைத் திட்டத்தில் எதைக் கட்டுவது என்பதைப் போலவே எந்த வரிசையில் கட்டுவது என்பதும் முக்கியம்.

திட்டமிடலின் படிகள்

1. எல்லை வரைதல்: சந்திப்பை மட்டும் தனியாகப் பார்க்காமல், முன்னும் பின்னும் உள்ள அடுத்த சந்திப்புகள், பேருந்து நிறுத்தங்கள், தொடர்வண்டி நிலையங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றை உள்ளடக்கிய பகுதியை எடுத்துக்கொள்ளுதல்.

2. கணக்கெடுத்தல்: ஒவ்வொரு கையிலிருந்தும் எந்தத் திசைக்கு எத்தனை வண்டிகள் திரும்புகின்றன, எத்தனை பேர் எந்த இடத்தில் கடக்கிறார்கள், எந்தப் பேருந்திலிருந்து எதற்கு மாறுகிறார்கள் என்று பதிவு செய்தல். காவல்துறையின் விபத்துப் பதிவுகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தால் ஆபத்தான இடம் தானே தெரியவரும்.

3. சிறிய மாற்றங்களை முதலில் ஆராய்தல்: சிக்னலுக்கு முன்னால் உள்ள பேருந்து நிறுத்தத்தைச் சிக்னலுக்கு அப்பால் மாற்றுவது ஓர் எடுத்துக்காட்டு. முன்னால் நின்றால் ஆளேறும் நேரத்தில் பச்சை முடிந்துவிடும். அப்பால் நின்றால் பச்சையில் கடந்து பிறகு நிற்கலாம். அங்கே பேருந்துகளுக்குப் போதிய இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை சந்திப்புக்குள் நீளும். ஷேர் ஆட்டோக்களுக்குத் தனி இடம், தொடர்ச்சியான நடைபாதை, நடுத்திட்டு, திருத்திய சிக்னல் நேரம் ஆகியவையும் இவ்வகையினவே.

4. உள்ளூர்ப் பயணத்தைப் பிரித்தல்: குறுந்தொலைவு செல்வோர் நெடுஞ்சாலையில் ஏறாமலிருக்க 'சர்வீஸ் ரோடு' எனப்படும் அணுகுசாலைகளைத் தொடர்ச்சியாக அமைத்தல். எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவது குறைய இதுவே நிலையான வழி.

5. பெரிய கட்டுமானத்தை எடைபோடுதல்: மேம்பாலம், சுரங்கப்பாதை, ஆகாய நடைபாதை ஆகியவற்றின் செலவு, நிலத்தேவை, பயன் ஆகியவற்றை ஆள் கணக்கில் ஒப்பிடுதல். நடைமேம்பாலத்தில் மின்தூக்கி இல்லாவிட்டாலும், இருந்தும் இயங்காவிட்டாலும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே பராமரிப்புச் செலவும் தொடக்கத்திலேயே கணக்கில் வர வேண்டும்.

6. கட்டும் காலத்தைத் திட்டமிடல்: பணி நடக்கும் ஆண்டுகளில் நடப்போருக்கும் பேருந்துகளுக்கும் மாற்று வழி விடுதல்.

7. மீண்டும் அளத்தல்: பணி முடிந்த பிறகு அதே இடங்களில், அதே நேரங்களில் மறுபடியும் கணக்கெடுத்து, காத்திருப்பும் விபத்தும் குறைந்தனவா என்று சரிபார்த்தல்.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகள்

ஒரே சந்திப்பில் நெடுஞ்சாலை ஒரு துறையிடமும், அதில் வந்து சேரும் தெரு உள்ளாட்சியிடமும், சிக்னல் போக்குவரத்துக் காவலிடமும், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடமும், தொடர்வண்டி இரயில்வேயிடமும், மெட்ரோ தனி நிறுவனத்திடமும் இருக்கிறது. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் சரியாகச் செயல்பட்டாலும், இரு எல்லைகளுக்கு நடுவே உள்ள ஐம்பது மீட்டர் நடைபாதை யாருக்கும் சொந்தமில்லாமல் போகலாம்.

இதைச் சரிசெய்யவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் 2022-இல்தான் நடைபெற்றது. 2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. கொள்கைகள் ஒருங்கிணைந்தாலும், சந்திப்புக்குச் சந்திப்பு ஒரே வரைபடத்தில் எல்லாத் துறைகளும் கையெழுத்திடும் நடைமுறை வந்தால்தான் மக்கள் அதன் பயனைக் காண்பார்கள்.

மாணவர்களுக்கான கள ஆய்வு

இப்பாடத்தை மாணவர்கள் தங்கள் ஊர்ச் சந்திப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியர் அல்லது பெரியவர் துணையோடு, சாலையில் இறங்காமல், பாதுகாப்பான நடைபாதையிலோ மாடியிலோ நின்று காலை 8 மணி முதல் 9 மணி வரை கணக்கெடுக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குழு போதும். ஒருவர் பேருந்துகளையும், ஒருவர் கார், ஆட்டோக்களையும், ஒருவர் இருசக்கர வண்டி, மிதிவண்டிகளையும், ஒருவர் நடந்து கடப்போரையும் ஐந்து ஐந்து கோடுகளாகக் குறித்துக்கொள்ளலாம்.

பின்னர் இரண்டு பட்டியல்களைத் தயாரிக்க வேண்டும். முதல் பட்டியலில் வண்டிகளின் சாலை இட அலகு. இரண்டாவதில் மக்களின் எண்ணிக்கை. இரண்டிலும் ஒவ்வொரு வகையும் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட வேண்டும். கூடவே நடந்து கடப்பவர் பத்துப் பேர் ஒவ்வொருவரும் எத்தனை விநாடி காத்திருந்தார் என்பதையும் கடிகாரம் பார்த்துக் குறித்துச் சராசரி காணலாம். இந்த ஒரு பக்கத் தாளை உள்ளாட்சி மன்றத்துக்கோ கிராம சபைக்கோ மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம். வேண்டுகோளோடு எண்களும் சேர்ந்தால், கடக்கும் இடம் எங்கே வேண்டும், நிறுத்தம் எங்கே மாற வேண்டும் என்ற பேச்சு தெளிவான இடத்திலிருந்து தொடங்கும்.